உணவுக்குழாய்ப் புற்றுநோய் வைரஸால் வருகிறதா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 61. ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். சிறு வயதிலிருந்தே புகையிலை சேர்த்து வெற்றிலை போடுகிறவர். சோறு நெஞ்சில் அடைக்கிறது என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவரைக் கடைசியில் கண்டிக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்ததில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் செதிள்கலப் புற்றுநோய் என்று அறிக்கை வந்திருக்கிறது. கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்போவதாக வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் உறவுக்காரப் பையன் ஒருவன், இந்தப் புற்றுநோய் வைரஸால் வருவது என்று கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டியிருக்கிறான். அன்றிலிருந்து அண்ணி அம்மாவின் தம்ளரையும் தட்டையும் தனியே எடுத்து வைத்துவிட்டார். நான்கு வயதுப் பேரப்பிள்ளையை அம்மாவின் மடியில் உட்கார விடுவதில்லை. அது “தப்பு நடத்தையால்” வரும் வைரஸ் என்று லயத்தில் பேச்சும் கிளம்பியிருக்கிறது. ஆறாம் தரத்தில் படிக்கும் தம் மகளுக்குப் பாடசாலையில் போடவிருக்கும் ஊசியும் இதே வைரஸுக்கானதாமே, அதற்குச் சம்மதம் கொடுக்கலாமா, வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் வைரஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்று சகோதரி கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் இன்றே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கம் பிறகு வரட்டும். அம்மாவின் தம்ளரையும் தட்டையும் மற்றவர்களுடையவற்றோடு சேர்த்துக் கழுவி அதே இடத்தில் அடுக்குங்கள். பேரப்பிள்ளை பாட்டியின் மடியில் உட்காரட்டும். உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் அன்று. எச்சிலாலோ இருமலாலோ, ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ, ஒரே போர்வையில் படுப்பதாலோ அது பரவாது. இந்த நோயில் வைரஸுக்குப் பங்கு உண்டு என்று நாளைக்கே ஐயமற நிறுவப்பட்டாலும் இந்தப் பதில் மாறப்போவதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வைரஸால்தான் வருகிறது என்பது முடிந்த முடிவு. ஆயினும் அந்த நோயாளியைத் தொட்டவருக்கோ அவரோடு உண்டவருக்கோ புற்றுநோய் வந்ததில்லை. அங்கே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவது வைரஸ் மட்டுமே. அதுவும் தொற்றிய பெரும்பாலோருடைய உடலிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது.

சிகிச்சை தொடங்கிய பிறகு நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு திசையில் இருக்கிறது. மருந்து ஏறும் காலத்தில் அம்மாவின் வெள்ளை இரத்தக் கலங்கள் குறையும். தடிமன் காய்ச்சலோடு பார்க்க வருகிற உறவினர்களால் அவருக்குத்தான் ஆபத்து. அவரால் அவர்களுக்கு ஆபத்து இல்லை. மருந்து ஏற்றிய பின் இரண்டு நாட்களுக்கு அவருடைய வாந்தியையும் சிறுநீரையும் துப்புரவு செய்பவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. அந்த முன்னெச்சரிக்கை மருந்தின் பொருட்டுச் சொல்லப்படுவது, நோயின் பொருட்டு அன்று. வெளியிலிருந்து கொடுக்கப்படும் கதிர்ச் சிகிச்சை முடிந்து எழுந்து வருகிறவருடைய உடலில் கதிர் எதுவும் தங்கியிருப்பதில்லை. இதையும் இப்போதே அண்ணியிடம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் தம்ளருக்கு அடுத்தபடியாகப் படுக்கையும் பிரிக்கப்படும்.

இனி வைரஸ் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். அந்தக் காணொளி முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றை எடுத்து, கேள்விக்குறியை மட்டும் அழித்துவிட்டு, முடிவாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. பின்லாந்தைச் சேர்ந்த நோயியலாளர் காரி சிர்யானன் 1982இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய்த் திசுக்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, மனித பப்பிலோமா வைரஸ் உண்டாக்கும் மருக்களில் காணப்படும் மாற்றங்களைப் போன்றவற்றை அவற்றில் சிலவற்றின் ஓரங்களில் கண்டு எழுதினார். சந்தேகம் தோன்ற நியாயம் இருந்தது. உணவுக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பதும் கருப்பைக் கழுத்தின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருப்பதும் ஒரே வகையான செதிள் கலங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹௌசன் வெளிப்படுத்தியதும் அதே காலத்தில்தான். அதற்காகவே அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அங்கே நடப்பது இங்கேயும் ஏன் நடக்கக்கூடாது என்று பலரும் தேடத் தொடங்கினார்கள்.

தேடியவர்களுக்குக் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. சில ஆய்வுகளில் ஒரு கட்டியில்கூட வைரஸ் இல்லை. சிலவற்றில் பாதிக்கு மேற்பட்ட கட்டிகளில் இருந்தது. இந்த நோய் மிக அதிகமாக உள்ள சீனாவின் சில பகுதிகளிலிருந்து வந்த ஆய்வுகளில் வைரஸ் கூடுதலாகவும், ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவற்றில் மிகக் குறைவாகவும் காணப்பட்டது. இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பார்க்கும்போது நோயைவிடப் பரிசோதனை முறையின் மீதே எனக்குச் சந்தேகம் எழுகிறது. வைரஸின் மிகச் சிறிய துணுக்கையும் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறையில், ஆய்வுகூட மேசையில் ஒட்டியிருந்த துணுக்குகூட நோயாளியுடையதாகக் கணக்கில் ஏறிவிடும். உணவுக்குழாய்க்குள் விடப்படும் குழாயோ வாய் வழியாக, தொண்டை வழியாக இறங்குகிறது. அங்கே இருக்கும் வைரஸைக் கூடவே இழுத்துச் செல்லலாம். இவற்றையெல்லாம் கடந்து கட்டிக்குள்ளேயே வைரஸ் இருந்தாலும், களவு நடந்த லயத்தில் நின்றவர்கள் எல்லோரும் கள்வர்கள் ஆகிவிட முடியாதல்லவா? வைரஸ் அங்கே வேலை செய்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது கருப்பைக் கழுத்தில் மிக நன்றாக அறியப்பட்டிருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. நம் கலங்களில் பி53 என்றொரு புரதம் உண்டு. கலத்தின் பரம்பரைப் பொருளில் (டி.என்.ஏ.) சேதம் ஏற்பட்டால் அது கலம் பெருகுவதை நிறுத்திவைக்கும். சேதம் மிஞ்சினால் கலத்தைச் சாகவும் செய்யும். பப்பிலோமா வைரஸின் ஆபத்தான வகைகள், அவற்றுள்ளும் முதன்மையான 16ஆம் வகை, இ6, இ7 என்ற இரண்டு புரதங்களை உண்டாக்குகின்றன. இ6 இந்தக் காவல் புரதத்தை அழித்துவிடுகிறது. இ7 ஆர்பி என்ற மற்றொரு காவல் புரதத்தைச் செயலிழக்க வைக்கிறது. புரதத்தை வைரஸே அழித்துவிடுவதால், அதை உண்டாக்கும் பரம்பரை அலகு பழுதடைய வேண்டிய தேவை அங்கே இல்லை. எனவே வைரஸால் வரும் புற்றுநோய்களில் பி53இன் பரம்பரை அலகு பெரும்பாலும் பழுதில்லாமலே இருக்கிறது. உணவுக்குழாயின் செதிள்கலப் புற்றுநோயில் நிலைமை நேர்மாறானது. மிகப் பெரும்பாலான கட்டிகளில் அந்த அலகே சிதைந்திருக்கிறது. பி16 என்ற இன்னொரு புரதம் வைரஸ் புற்றுநோய்களில் அளவுக்கு மிஞ்சிப் பெருகும். உணவுக்குழாய்க் கட்டிகளில் பல வேளைகளில் அதன் அலகே இழக்கப்பட்டிருக்கும். மேற்கிலும் கிழக்கிலும் திரட்டப்பட்ட 164 உணவுக்குழாய்க் கட்டிகளின் பரம்பரைப் பொருளை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட பெரிய கூட்டு ஆய்விலும் வைரஸே காரணம் என்று சொல்ல இடம் கிடைக்கவில்லை. புகையும் மதுவும் பாக்கும் போன்ற பொருட்களால் நீண்டகாலம் அடிபட்ட கலங்களில் எதிர்பார்க்கக்கூடிய சேதத்தோடுதான் இந்தப் படம் பொருந்துகிறது. என்னைப் பொறுத்தவரை, இந்த வழக்கில் வைரஸுக்கு எதிராக நிற்கும் சான்றுகளைவிட அதை விடுவிக்கும் சான்றுகளே வலுவானவை.

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் 16ஆம் வகை வைரஸைக் கருப்பைக் கழுத்து, குதம், தொண்டையின் டான்சில் பகுதி முதலியவற்றின் புற்றுநோய்க்குக் காரணமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. உணவுக்குழாயை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில், நெடுங்கால நெஞ்செரிச்சலாலும் உடற்பருமனாலும் வரும் சுரப்பிக்கலப் புற்றுநோய் என்ற வேறொரு வகையில் இந்த வைரஸைக் கண்டதாக அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதுவும் பொதுவாக ஏற்கப்பட்ட முடிவாகவில்லை. உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது அந்த வகையும் அன்று. இரைப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் காணப்படும் எப்ஸ்டைன்-பார் வைரஸ் உணவுக்குழாயில் அரிதாகவே தென்படுகிறது.

அப்படியானால் கதவை ஏன் முற்றாகச் சாத்திவிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் மாடுகளிடம் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் மேற்கு மலைநாட்டு மாடுகளுக்கு உணவுக்குழாயிலும் மேல் குடற்பகுதியிலும் புற்றுநோய் ஏன் அவ்வளவு வருகிறது என்று கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜாரெட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1970களில் தேடினார்கள். அந்த மாடுகளின் உணவுக்குழாயில் மாட்டுப் பப்பிலோமா வைரஸால் வந்த மருக்கள் இருந்தன. அவை மேய்ந்த நிலத்திலோ பிரேக்கன் என்னும் பன்னம் மண்டிக் கிடந்தது. நம் மலைநாட்டுப் பத்தனைப் புல்வெளிகளில் வளரும் பன்னமும் அதே குடும்பம்தான். வைரஸ் மட்டும் தொற்றிய மாடுகளில் மரு வந்து தானே உதிர்ந்தது. பன்னத்தையும் தின்ற மாடுகளில், அதிலுள்ள நச்சுகள் எதிர்ப்பாற்றலைக் குறைத்துப் பரம்பரைப் பொருளையும் கெடுத்ததால், மரு நிலைத்து நின்று புற்றாக மாறியது. மாறிய பிறகு அந்தக் கட்டிகளில் தேடியபோது வைரஸின் தடயம் கிடைக்கவில்லை. வந்து தொடக்கிவைத்துவிட்டுப் போய்விடும் வைரஸும் உண்டு என்ற எண்ணம் இதனால் நிலைத்திருக்கிறது. மனிதரில் அப்படி நடப்பதற்குச் சான்று காட்டப்படாவிட்டாலும் ஆய்வு தொடர்வதற்கு இது போதுமான நியாயம். ஆனால் அந்த மாடுகளிடத்திலும் வைரஸ் தனியாக நின்று புற்றை உண்டாக்கவில்லை; நாள்தோறும் வாய் வழியாக உள்ளே போன ஒரு பொருளும் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

நம் தோட்டங்களில் நாள்தோறும் வாய் வழியாக உள்ளே போவது எது என்று நான் சொல்லத் தேவையில்லை. வைரஸ் பேச்சில் எனக்கு உள்ள பெரிய மனக்குறையும் இதுதான்: கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் பழியைப் போட்டதும் கண்ணெதிரே இருக்கும் வெற்றிலைத் தட்டு குற்றமற்றதாகிவிடுகிறது. பாக்கு தன்னளவிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று மேற்சொன்ன முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. புகையிலை சேர்த்த வெற்றிலை வாயில் மட்டுமன்றி உணவுக்குழாயிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயம் இல்லை. புகையிலையை விட்டுவிட்டு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும் போட்டாலும் இவ்விரண்டு இடங்களுக்கும் ஆபத்து உண்டு என்பது பிறகு உறுதியானது. சாற்றைத் துப்பாமல் விழுங்குகிறவர்களுக்கும், கொடுப்பில் அதக்கியபடியே தூங்கிவிடுகிறவர்களுக்கும் அந்தச் சாறு நீண்ட நேரம் படிகிறது. இதோடு பீடியும் கசிப்புச் சாராயமும் சேர்கிற ஆண்களில் ஆபத்து கூட்டலாக அன்றிப் பெருக்கலாகவே ஏறுகிறது.

இதைச் சொல்வதால் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடாதீர்கள். விடியற்காலைக் குளிரில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் மலையில் நின்று, அந்திக் கொழுந்து நிறுக்கும்வரை பசியைத் தள்ளிப்போடுவதற்கு அந்தத் தலைமுறைப் பெண்களுக்குக் கிடைத்த மலிவான துணை வெற்றிலைதான். அதைக் கொடுத்தவர்களும் பெரியவர்களே. புகையிலையின் கெடுதியை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. இப்போது அவர் அதை நிறுத்துவது சிகிச்சைக்கு உதவும், வாய்ப்புண்ணைக் குறைக்கும். அதற்காக அன்போடு சொல்லுங்கள்.

லயத்தில் நடக்கும் பேச்சுக்கு ஒரு பதில். பப்பிலோமா வைரஸ் பெரும்பாலும் உடலுறவின் வழியே தொற்றுவது உண்மைதான். ஆனால் அது மிகவும் பரவலான வைரஸ்; உடலுறவு கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு காலத்தில் வந்து போயிருக்கும். ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரக்கூடும். யாருடைய நடத்தைக்கும் அது சான்றிதழ் அன்று. உங்கள் அம்மாவின் நோய்க்கோ அந்த வைரஸையே காரணமாகச் சொல்ல முடியாது என்று மேலே விளக்கிவிட்டேன். இப்படிப் பேசுகிறவர்களிடம் விஞ்ஞானம் பேசி நேரத்தை வீணாக்காமல், வைத்தியர் சொன்னது வெற்றிலைப் புகையிலை என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கான ஊசிக்குத் தயங்காமல் கையெழுத்திடுங்கள். இலங்கையில் அது 2017 முதல் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்தின் கீழ் இலவசமாகப் போடப்பட்டு வருகிறது. அது பாட்டியின் நோய்க்கான ஊசி அன்று. உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் என்று நினைத்து அதைப் போடவும் வேண்டாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் முக்கியமான வகைகளைத் தடுப்பதற்காக, வைரஸைச் சந்திக்கும் வயதுக்கு முன்பே கொடுக்கப்படுகிறது. குடும்பத்தில் ஒரு புற்றுநோயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தடுக்கக்கூடிய இன்னொன்றைத் தடுக்காமல் விடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

வீட்டாருக்கு வைரஸ் பரிசோதனை தேவையில்லை. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ வைரஸைத் தேடுவதால் யாருக்கும் பயன் உண்டென்று காட்டப்படவில்லை. தனியார் ஆய்வுகூடங்களில் கொடுக்கும் பணத்துக்கு அச்சம்தான் மிஞ்சும். உங்களுக்கு 35 அல்லது 45 வயதானால் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அது உண்மையிலேயே பயன் தருவது, இலவசமானது, குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளைச் சொல்வார்.

அந்தப் பணத்தையும் அக்கறையையும் செலவிட வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன. வீட்டில் இன்னும் வெற்றிலை போடுகிறவர்கள் எல்லோரும், உங்கள் சித்தியோ பெரியண்ணனோ போடுகிறவர்களானால் அவர்களும், ஒரு பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிவு ஆகியவை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அம்மாவின் வாயையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். ஒரே சாறு பட்ட இடங்களில் இரண்டாவது புற்றும் ஒளிந்திருக்கக்கூடும்.

அடுத்தது தேநீரின் சூடு. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகும் என்று 2016இல் அதே முகவரகம் முடிவு செய்தது. ஈரானின் கொலெஸ்தான் மாகாணத்தில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பவர்களிடம் நடந்த ஆய்வு இதற்கு ஒரு முக்கிய ஆதாரம். குற்றம் தேயிலையில் இல்லை, சூட்டில் இருக்கிறது. நம் வீடுகளில் வெப்பமானிக்கு எங்கே போவது? சில்வர் தம்ளரை வெறுங்கையால் முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடியாத சூடு, குடிக்கவும் கூடாத சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தானையால் பிடித்துக் குடிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டால் போதும்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று. நெடுங்கால இரும்புச்சத்துக் குறைவு உள்ள பெண்களுக்கு உணவுக்குழாயின் மேல்வாயில் மெல்லிய சவ்வு வளர்ந்து, விழுங்குவது கடினமாகி, அந்த இடத்தில் பின்னர் புற்றுநோய் வரக்கூடும் என்பது 1919இல் பேட்டர்சன், பிரவுன் கெலி என்ற இரண்டு பிரித்தானிய வைத்தியர்கள் தனித்தனியே விவரித்த நாளிலிருந்து தெரிந்த விடயம். அம்மாவின் கட்டி நடுப்பகுதியில் இருப்பதால் அவருடைய நோய்க்கு இது காரணமாக இருக்காது. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்களில் இரத்தசோகை சாதாரணமாகக் காணப்படுவதால், நீங்களும் அண்ணியும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன் டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

அம்மாவின் நோய் பல மாதங்கள் தாமதித்தே கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. முதலில் ரொட்டி இறங்காது, சோற்றைக் குழைத்துச் சாப்பிடுவார்கள், பிறகு கஞ்சி, தண்ணீரும் இறங்காத நாளில்தான் டவுனுக்குப் புறப்படுகிறார்கள். அதற்குள் தோட்ட டிஸ்பென்சரியில் வாயுவுக்கு மருந்து வாங்கிப் பல வாரங்கள் கழிந்திருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும், அவர் வெற்றிலை போடாதவராக இருந்தாலும், திட உணவு நெஞ்சில் தங்குவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வாயு மருந்தோடு திரும்பாமல், குழாய் விட்டுப் பார்க்க எங்கே அனுப்புகிறீர்கள் என்று வைத்தியரிடம் கேளுங்கள். கண்டியிலும் பதுளையிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. அங்கே முடியாதவற்றுக்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது முதன்மையானது எடை குறையாமல் பார்த்துக்கொள்வது. குழைத்த சோறு, பருப்பு, முட்டை, தயிர், அவித்து மசித்த மரக்கறி ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் பல வேளைகளாக, நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். சாப்பிட்டவுடன் படுக்க விடவேண்டாம். கஞ்சியும் இறங்காத நிலை வந்தால் மூக்கு வழியாகவோ வயிற்றின் வழியாகவோ உணவுக் குழாய் பொருத்தவும், அடைப்புள்ள இடத்தில் வழியைத் திறந்து வைத்திருக்கும் விரிகுழாய் (ஸ்டென்ட்) வைக்கவும் முடியும். “குழாய் போட்டால் முடிந்தது” என்று ஊரில் சொல்வதைக் கேட்டு மறுத்துவிடாதீர்கள். சிகிச்சையைத் தாங்கும் பலம் அந்தக் குழாய் வழியாகத்தான் போகும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமினாலோ, குரல் திடீரெனக் கம்மினாலோ, இரத்தமாக வாந்தி எடுத்தாலோ, கறுப்பாக மலம் போனாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே கொண்டுபோங்கள். வாகனம் கிடைக்காத நேரத்தில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும்.